பக்கத்து ஊருதானே, இதுக்குப் போய் அழுவியா?

துபாய்க்குப் போகிறவனை வழியனுப்ப வேன் பிடித்து ஏர்போர்ட் வரைக்கும் வருவார்கள். திருப்பூருக்குப் போகிறவளிடம் "இங்கனதான இருக்கு, நெனச்சா ஒரு ராத்திரில வந்துரலாம்லா" என்று சொல்லிவிட்டு மிச்சமிருக்கிற டீயைக் குடிப்பார்கள். 2022 மே மாதம் தூத்துக்குடியில் எங்கள் தெருவில் எனக்கு நடந்தது இதுதான். தூரம் 340 கிலோமீட்டர் இருக்கும். அதே மாநிலம், அதே மொழி, அதே ரேஷன் கார்டு. அதனால் நான் ஊரைவிட்டுப் போகிறேன் என்பதை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் எடுக்கவில்லை. பின்னால் வந்த சங்கடங்களில் பாதி அதனால் வந்ததுதான்.

என் கதை சுருக்கமாக. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் 11 வருஷம் வேலை. திருப்பூர் பனியன் பெட்டிகள் துறைமுகத்துக்கு வரும், அவற்றின் ஷிப்பிங் பில், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் என் கையால் போகும். ஊரைப் பார்த்ததே இல்லை, ஆனால் அதன் பெட்டிகளை லட்சக்கணக்கில் எண்ணியிருக்கிறேன். அங்கேயுள்ள ஒரு ஏற்றுமதி கம்பெனி டாக்குமெண்டேஷன் வேலைக்குக் கூப்பிட்டது, சம்பளம் ஒன்றரை மடங்கு. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை, நான்கு மாதம் கழித்துத்தான் வர முடியும். மகள் ஏழாம் வகுப்பு. அம்மா வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

நான் செய்ததில் உருப்படியானது ஒன்று உண்டு. வீட்டைக் காலி செய்யாமல் மே மாதம் முழுவதும் நான் மட்டும் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போனேன். எந்த ரோட்டில் காலை எட்டரைக்கு பஸ் நகராது, எந்தப் பக்கம் நல்ல தண்ணி எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும், எங்கே போர் தண்ணி உப்புக் கரிக்கும் என்பதெல்லாம் ஹாஸ்டல் பெண்கள் பத்து நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எந்த புரோக்கரும் இதைச் சொல்லமாட்டார்.

சொதப்பியது வீடு பார்த்த நாளில். மங்கலம் ரோட்டுப் பக்கம், மாடி வீடு, பின்னால் நாலு தென்னை, காற்று சும்மா அள்ளிக்கொண்டு போகிறது, அவ்வளவு அமைதி. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தேன். சாமான் இறக்கிய மறுநாள் திங்கட்கிழமை காலையில் பின்சுவருக்கு அந்தப் பக்கம் டக்கட டக்கட என்று ஆரம்பித்தது பாருங்கள், விசைத்தறி! ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு, நான் வீடு பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமை. ராத்திரியும் ஓடியது. முதல் வாரம் தலைவலி மாத்திரை, மூன்றாம் வாரம் பழகிவிட்டது, இப்போது கரண்ட் போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டு முழிக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன், திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் வீடு பார்த்தால் வேலை நாளில் ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை போய் நின்று பாருங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பக்கத்தில் சாயப்பட்டறை உண்டா என்று மூக்கும் பார்க்கட்டும். இன்னொன்று, எங்கள் ஊரில் ஒத்தி (மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு மாத வாடகையில்லாமல் குடியிருப்பது) என்பதை இங்கே போக்கியம் என்பார்கள். வாடகை, போக்கியம் எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். குடிபோகிற அன்றே கரண்ட் மீட்டரை போட்டோ எடுத்து வீட்டு ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

சாமான் ஏற்றிய கதை எனக்கே பெருமை. பேக்கர்ஸ் ஆட்கள் 28,000 கேட்டார்கள். திருப்பூரிலிருந்து பெட்டி கொண்டுவந்து இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரி தினமும் உண்டு, அந்த டிரைவர்களை எனக்கு நம்பரோடு தெரியும். அடைத்த பாடி வண்டி ஒன்று 9,000-க்கு வந்தது. ஏத்துக்கூலி, இறக்குக்கூலி தனி. ரிட்டன் வண்டியில் இரண்டு தொல்லை: அவர்கள் சொல்கிற நேரத்துக்குத்தான் நாம் ஆட வேண்டும் (காலை ஆறு என்றார், மதியம் இரண்டு மணிக்கு வந்தார்), உடைந்தால் கேட்க நாதியில்லை. ஆகவே உடைகிறதெல்லாம் துணிமூட்டைக்குள். கட்டிலைக் கழற்றிய போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு அந்தக் கட்டில் காலிலேயே டேப் ஒட்டிக் கட்டுங்கள். நான் எல்லா போல்ட்டையும் பத்திரமாக ஒரே டப்பாவில் போட்டேன், டப்பா எந்த மூட்டையில் என்று மறந்துவிட்டு மூன்று நாள் தரையில் படுத்தோம். பிரிட்ஜை நிமிர்த்தியே ஏற்றுங்கள், இறக்கிய உடனே சுவிட்ச் போடாமல் சில மணி நேரம் விடுங்கள். முதல் ராத்திரிக்கு வேண்டியது, பாய், தலையணை, வாளி, ஒரு பல்ப், ஸ்க்ரூடிரைவர், பால் பாத்திரம், இதெல்லாம் லாரியில் போகக்கூடாது, உங்கள் கையில் வர வேண்டும். கோயம்புத்தூர் கிரைண்டரைத் தூத்துக்குடியிலிருந்து பொத்திப் பொத்தி கொங்கு நாட்டுக்குக் கொண்டுவந்த புத்திசாலி நான்தான், அதை அப்படியே விட்டுவிடலாம்.

பேப்பர் வேலையில் பெரிசு பள்ளிக்கூடம்தான். டிசி வாங்கினால் முடிந்தது என்று நினைத்தேன். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் நம்பர் என்று பள்ளிக் கல்வித் துறையின் அடையாள எண் இருக்கிறது, பழைய பள்ளி கம்ப்யூட்டரில் அந்தப் பெயரை 'காமன் பூல்' என்கிற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். எங்கள் பழைய பள்ளியில் "பண்ணிட்டோம்மா" என்று சொல்லிச் சொல்லியே பன்னிரண்டு நாள் இழுத்தார்கள். புதுப் பள்ளியில் பிள்ளை வகுப்பில் உட்காருகிறாள், அட்டெண்டன்ஸில் பெயர் இல்லை. டிசி கையில் வாங்கும்போதே, பக்கத்தில் நின்று, திரையில் பார்த்துவிட்டு வாருங்கள். கேஸ் கனெக்ஷனுக்குப் பழைய ஏஜென்சியில் சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மாற்றுச் சீட்டு எடுத்துக்கொண்டு புது ஏஜென்சியில் கொடுக்க வேண்டும், சிலிண்டரை லாரியில் ஏற்ற வேண்டாம். வண்டி ஒரே மாநிலம் என்பதால் நம்பர் மாற்ற வேண்டியதில்லை, எங்கள் டிஎன் 69 அப்படியே ஓடுகிறது. இந்த நம்பர் பலகையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதெல்லாம் பட்டியல் போட்டு முடிக்கிற வேலைகள். பட்டியலில் வராத ஒன்று மொழி. தமிழ்தானே என்று போனேன் இல்லையா!

குடிவந்த ஐந்தாம் நாள் ராத்திரி, கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா படியேறி வந்து ஒரு போசியை நீட்டினார். கொள்ளுப் பருப்பு, நல்லெண்ணெய் மேலே மிதக்கிறது, பூண்டு வாசனை. "எச்சா இருந்துதுங்க, அதான் கொண்டாந்தேன்" என்றார். என் காதில் விழுந்தது எச்சில். சிரித்துக்கொண்டே வாங்கினேன், கதவைச் சாத்தினேன், போசியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பிட்டு மிஞ்சினதை முகத்துக்கு நேராகச் சொல்லிக் கொடுக்கிறார்களே, வாடகைக்கு வந்தவள் என்றால் அவ்வளவு இளப்பமா என்று கண்ணில் தண்ணி வந்துவிட்டது. பருப்பைக் கொட்டினேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று எங்கள் வீட்டில் பழக்கம், அதையும் வேண்டுமென்றே மீறி, வெறும் போசியைக் கழுவி அவர் வாசலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். பத்து நாள் அப்படியே போனது. அவர் "ஏனுங்க, சாப்ட்டீங்களா" என்பார், நான் தலையை ஆட்டிக்கொண்டு படியேறிவிடுவேன்.

அப்புறம் ஒரு நாள் ஆபீஸில் பேக்கிங் பக்கமிருந்து ஒரு பெண் வந்து "அக்கா, லிஸ்ட்டவிட ரெண்டு பெட்டி எச்சா வந்திருக்குதுங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எச்சு என்றால் இங்கே அதிகம், கூடுதல். அந்த அம்மா நிறைய வைத்துவிட்டேன், உங்களுக்கும் கொண்டுவந்தேன் என்று சொல்லியிருக்கிறார், நான் பத்து நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூனை ஒரு டப்பா நிறையப் போட்டு எடுத்துக்கொண்டு கீழே போய், வெட்கத்தை விட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தறிச்சத்தமே கேட்கவில்லை. "கேட்டிருக்கலாமில்ல அம்முணி" என்றார். அதுவரைக்கும் நான் ஏனுங்க, அன்றிலிருந்து அம்முணி.

மகளுக்கு இதன் மறுபக்கம். பக்கத்தில் உட்காரும் பிள்ளையை "ஏட்டி" என்று கூப்பிட்டிருக்கிறாள், எங்கள் ஊரில் அதைவிடப் பாசமான சொல் கிடையாது. இங்கே சின்னக் குழந்தையிடமும் ங்க போட்டுப் பேசுகிற ஊர். அந்தப் பிள்ளை அழ, வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு "வீட்ல இப்படித்தான் பேசுவீங்களாங்க?" என்று மரியாதையாகவே கேட்டார். ஆமாங்க, இப்படித்தான் பேசுவோம். ஆனால் அதற்கப்புறம் மகள் பள்ளியில் வாயே திறக்காமல் இரண்டு வாரம் இருந்தாள், அதுதான் எனக்குப் பயமாகப் போனது. பேச்சை மாற்று என்று நான் சொல்லவில்லை. என் எச்சுக் கதையை அவளிடம் சொன்னேன். மறுநாள் அவள் அதைப் பள்ளியில் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து வரிசையாக ஒரு நோட்டு ஆரம்பித்தது: நோம்பி என்றால் திருவிழா, ஒறம்பரை என்றால் விருந்தாளி, ஒட்டுக்கா என்றால் ஒன்றாக. எதிர்ப்பக்கத்தில் எங்கள் ஊர்ச் சொல். புது ஊருக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த நோட்டைச் சிபாரிசு செய்கிறேன். பெரியவர்களுக்கும்தான்.

நான் செய்த பெரிய தப்பு இனிமேல்தான் வருகிறது. முதல் இரண்டு மாதம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஊருக்கு ஓடினேன். சனிக்கிழமை இங்கே சம்பள நாள், பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, தூங்குகிற பிள்ளையை எழுப்பி, பையைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ், அங்கிருந்து தூத்துக்குடி. விடிகாலையில் போய் விழுந்து, மதியம் மீன் குழம்பு சாப்பிட்டு, நாலு மணிக்குத் திரும்பக் கிளம்பினால் நடுராத்திரி திருப்பூர். திங்கட்கிழமை ஆபீஸில் நான் இல்லை, என் உடம்புதான் இருந்தது. பணமும் போனது. அதைவிட, எங்களுக்குத் திருப்பூரில் ஒழுங்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையே அமையவில்லை. மற்ற நாளில் இந்த ஊரில் யாருக்கும் யாரோடும் பேச நேரமில்லை, ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வந்தால் ராத்திரி ஒன்பது. சந்தைக்குப் போவது, சொந்தத்தைப் பார்ப்பது, படியில் உட்கார்ந்து தலைவாருவது, பிள்ளைகள் தெருவில் விளையாடுவது எல்லாம் ஞாயிறுதான். அந்த ஒரு நாளைத்தான் நான் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தேன்.

நிறுத்தியது ஆகஸ்ட்டில். ஆகஸ்ட் 5 பனிமய மாதா கோயில் திருவிழா, எங்கள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. எந்த மதமானாலும் அன்றைக்கு ஊரே அந்தத் தெருக்களில்தான் இருக்கும், ராட்டினம், வளையல் கடை, கடல்காற்றில் பறக்கிற தோரணம். காலையில் மகள் யூனிபார்ம் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். "இன்னைக்கு லீவுல்லா?" என்றாள். லீவு இல்லை. இங்கே அது வெறும் வெள்ளிக்கிழமை. அவளை அனுப்பிவிட்டு நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், குழாயைத் திறந்துவிட்டு. இரண்டு மாதமாக வராத அழுகை. துபாயில் இருந்திருந்தால் முதல் வாரமே அழுதிருப்பேன், பக்கத்து ஊர் என்பதால் தள்ளிப் போட்டிருக்கிறேன் போல. அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "இதுக்கு ஏன்டி ரெண்டு மாசம்? நான் நீ போன அன்னைக்கே அழுதுட்டேன்" என்றாள்.

அந்த வாரம் ஊருக்குப் போக வேண்டிய முறை, போகவில்லை. வீட்டுக்கார அம்மா "ஞாயித்துக்கெழம சாளைக்குப் போறோம், ஒட்டுக்கா வாங்க" என்றார். மகள் முகம் மலர்ந்துவிட்டது: "எம்மா, சாளை மீனா?" மீன் இல்லை, இங்கே சாளை என்றால் தோட்டத்து வீடு. காங்கேயம் பக்கம் அவருடைய தம்பி தோட்டம். வேலியோரம் வேப்பமரத்தில் ஆடிப் பதினெட்டுக்குக் கட்டின தூரியை இன்னும் அவிழ்க்கவில்லை. எங்கள் ஊரில் ஊஞ்சல் என்போம். கயிற்றின் தடிமன் மணிக்கட்டு அளவு, உட்காருகிற இடத்தில் பழைய சாக்கு மடித்துப் போட்டிருந்தது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அந்தக் காட்டையே தள்ளுகிறது, தூரத்தில் காற்றாலைகள், மகள் ஆளுயரம் மேலே போய்க் கத்துகிறாள், "ஏட்டி, தள்ளுட்டி!" தள்ளிய பெண் அந்த வீட்டுப் பேத்தி. அவளும் பதிலுக்கு "சரிங்ட்டி" என்றாள். இரண்டு ஊரையும் சேர்த்துக் கட்டின அந்தச் சொல் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. அதற்கப்புறம் ஆறு வாரத்துக்கு ஒரு தடவைதான் ஊர்.

அக்டோபரில் என் வீட்டுக்காரர் வந்தார். நான் சமாளித்துவிட்டேன் என்பதால் அவரும் சமாளிப்பார் என்று நினைத்தது இன்னொரு தப்பு. எனக்கு ஆபீஸ் இருந்தது, மகளுக்குப் பள்ளி. அவருக்கு ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை கிடைக்க ஒன்றரை மாதம் ஆனது, அதுவரை டீக்கடைதான். "எல்லாரும் ங்க போட்டுப் பேசுதாங்க, ஒருத்தனும் பக்கத்துல வரமாட்டேங்கான்" என்பார். ஏலே என்று தோளில் கைபோட்டுப் பழகினவருக்கு அந்த மரியாதையே சுவர் மாதிரி இருந்திருக்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் போய் நின்றுகொள்வார். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. ஒரு நாள் பல்லடம் ரோட்டில் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணாச்சி, தூத்துக்குடில எங்கன?" டிஎன் 69 பார்த்துவிட்டுக் கேட்டவர் முத்தையாபுரத்துக்காரர், இங்கே வந்து பதினைந்து வருஷம். முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, பெட்ரோல் போட மறந்து வந்தார். அவர் காட்டிக்கொடுத்ததுதான் ஞாயிறு காலையில் தென்னம்பாளையம் மார்க்கெட், ஐஸ் பெட்டியில் எங்கள் ஊர் மீன். ஊரில் கிடைப்பது போலப் புதுசாக இருக்காது, விலையும் எச்சு. இருந்தாலும் விளமீனைத் தொட்டுப் பார்த்துப் பேரம் பேசுகிற அந்த அரை மணி நேரத்துக்காகவே அவர் வாரம் முழுக்கக் காத்திருக்கிறார். அவருக்கு என்னுடைய ஆறுதல் வேலைக்கு ஆகவில்லை, ஒரு ஊர்க்காரர்தான் வேண்டியிருந்தார்.

அம்மா விஷயம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "சாப்ட்டியாட்டி?" "சாப்ட்டேன்மா, நீ?" "ம்." இரண்டு பேரும் நல்லா இருக்கோம் என்று சொல்லி வைத்துவிடுவோம். 2023 பொங்கல் முடிந்து நாங்கள் திரும்பின பத்தாம் நாள் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. எனக்குத் தெரிந்தது இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டு அக்கா வேறு எதற்கோ பேசும்போது. ஏன் சொல்லவில்லை என்றால் "சொன்னா நீ அந்த ராத்திரியே பஸ்ஸு ஏறிருவ" என்கிறாள். ஏறியிருப்பேன்தான். அப்புறம்தான் சில ஏற்பாடு செய்தேன், கிளம்புவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்: பக்கத்து வீட்டில் ஒரு சாவி, ஏதாவது என்றால் அம்மாவைக் கேட்காமல் நேராக எனக்கு போன் செய்ய அந்த அக்காவிடம் சொல்லிவைத்தது, மருந்துக் கடை நம்பர், மாத்திரைச் சீட்டின் போட்டோ என் போனில், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, சொரசொரப்பான டைல்ஸ். ஒன்பது மணி போனையும் மாற்றிவிட்டேன். நான் சமைக்கிற நேரத்தில் வீடியோ போட்டு, போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிடுவேன். பேச வேண்டியதில்லை, அவள் பாட்டுக்கு அவள் வெங்காயம் உரிப்பாள், நான் பாட்டுக்கு நான். நடுவில் "அடுப்பக் கொறட்டி" என்பாள். நல்லா இருக்கேன் என்று பொய் சொல்ல இடமில்லாமல் போனது, அவள் எழுந்து நடக்கும்போது இடுப்பைப் பிடிக்கிறாளா என்று என் கண்ணே பார்த்துக்கொள்கிறது.

போன மாதம் ஊரில் சாப்பிட உட்கார்ந்தபோது "எச்சா வெச்சுட்டீங்கம்மா" என்று வாயில் வந்துவிட்டது. அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். எச்சிலா என்று கேட்பாள் என்று நினைத்தேன், அவள் அதை விட்டுவிட்டாள். "அம்மையவே ங்க போட்டுக் கூப்பிடுத அளவுக்கு ஆயிட்டியா" என்றாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கேஸ், பேங்க், பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் திருப்பூர் முகவரி வந்துவிட்டது. ஆதாரில் மட்டும் இன்னும் தூத்துக்குடிக் கதவு எண். வீட்டிலிருந்தே போனில் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை, ஆபீஸில் நாலு பேருக்கு நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம் நேரமில்லை என்கிறேன்.